மணிக்குள் போவது எது?

ஜெர்மனியின் பாட் கோசென் என்ற சிற்றூரில் கேத்தே குரூஸே 1912லிருந்து பொம்மைப் பட்டறை நடத்திவந்தார். குழந்தை கட்டிக்கொண்டு தூங்கத் தோதான துணிப் பொம்மை, கையால் வண்ணம் தீட்டிய முகம். அந்தப் பட்டறையின் பெயர் நிலைத்தது இவற்றால்தான். போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டு வாக்கில், பொம்மைத் தலை செய்ய மாற்றாக இருக்குமா என்று பார்க்க ஒரு செயற்கைப் பொருள் அங்கே வந்து சேர்ந்தது. பட்டறை வேலைக்கு அது ஒத்துவரவில்லை. ஒதுக்கிவைத்ததை மகள் சோஃபி எடுத்துக்கொண்டார். வீட்டில் அவருக்குச் செல்லப்பெயர் ஃபிஃபி. பிசைந்து பார்த்து, நிறம் சேர்த்து, சுட்டுப் பார்த்து அவர் பக்குவப்படுத்திய கலவையை 1964ல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் வாங்கியது. இன்று கைவினைக் கடைகளில் ஃபிமோ என்று விற்கிற பாலிமர் களிமண் அதுதான்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதை நடந்தது. மின்மாற்றிகளின் உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியே கடத்துவதற்காக ஒரு கலவையைத் தயாரித்தார்கள். அது அந்த வேலையைச் செய்யவில்லை. மூலையில் கிடந்ததை யாரோ கையில் எடுத்து உருட்ட, உருட்டியதைச் சுட, அது கெட்டியான சிறு சிலையாக நின்றது. 1960களின் பிற்பகுதியில் ஸ்கல்பி என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது.

ஆக, வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களைக் கொண்டு பாலிமர் மணி செய்பவர்கள் புதிதாக எதையும் தொடங்கவில்லை. அவர்கள் பிசையும் மண்ணே ஒரு வேலைக்கு ஆகாது என்று தள்ளப்பட்டு இன்னொரு வேலைக்கு எடுக்கப்பட்டதுதான். இங்கே ஒரு பழைய தத்துவக் கேள்வி எழுகிறது. ஒரு பொருளின் பயன் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது அதை எடுக்கும் கை கொண்டுவந்து சேர்க்கிறதா? பயன் தீர்ந்தது என்று ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல யாருக்கு உரிமை?

பட்டியல் போட்டால் கேள்வியின் அகலம் தெரியும். பாலிமர் மணி செய்பவரின் மேசையில் பாதிக்குமேல் அடுக்களையிலிருந்தும் குப்பைக்கூடைக்குப் போகும் வழியிலிருந்தும் வந்தவை. மண்ணைத் தேய்த்துப் பரப்ப நேரான கண்ணாடி பாட்டில். வெட்டியதைச் சேதமில்லாமல் தூக்க, காலாவதியான வங்கி அட்டை. மணிக்குத் துளையிடப் பல்குத்தும் குச்சி. வரிவரியாகத் தடம் பதிக்கப் பழைய பல்துலக்கி, கிழிந்த லேஸ், சட்டைப் பொத்தான், காய்ந்த இலை. அச்சில் மண் ஒட்டாமல் இருக்கச் சோளமாவு. சுட்டெடுத்த மணியை ஈர உப்புத்தாளில் தேய்த்த பிறகு மெருகேற்ற, நைந்துபோன ஜீன்ஸ் துணி. பெரிய மணி என்றால் உள்ளே கசக்கி இறுக்கிய அலுமினிய ஃபாயில் உருண்டை. மண் மிச்சமாகும், காதிலும் கழுத்திலும் கனக்காது. ஒளி ஊடுருவும் மண்ணில் காபித் தூளையோ மிளகுத் தூளையோ உலர்ந்த மூலிகையையோ கலந்து கல்லின் புள்ளிகளைக் கொண்டுவருபவர்களும் உண்டு.

இத்தனையையும் ஒரே சொல்லில், 'மறுபயன்பாடு' என்று வகைப்படுத்திவிடுவது இன்றைய வழக்கம். அந்த வகைப்பாடு போதாது. பாட்டிலுக்கும் ஃபாயிலுக்கும் நடப்பது ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெளிவான சொற்கள் இருக்கின்றன.

இந்தியச் சிந்தனையாளர்களுக்கு மண்ணும் குடமும் அலுக்காத எடுத்துக்காட்டு. சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குப் பாடம் தொடங்குவதே ஒரு மண் உருண்டையிலிருந்துதான்: அந்த ஒன்றை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாவற்றையும் அறிந்ததாகும் என்பது அவர் காட்டும் வழி. சாங்கியர்கள் அதற்கு மேலே ஒரு படி சென்றார்கள். குடம் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. குயவன் அதை வெளிக்கொணர்கிறான், அவ்வளவுதான். காரியம் காரணத்தில் முன்பே உண்டு என்கிற இந்தக் கொள்கைக்குச் சற்காரியவாதம் என்று பெயர். நையாயிகர்களும் வைசேடிகர்களும் இதை ஒப்பவில்லை. முன்பே இருந்ததென்றால் குயவனுக்கு என்ன வேலை? மண் கட்டியில் தண்ணீர் மொள்ள முடியுமா? குடம் என்பது முன்பு இல்லாத ஒன்று, புதிதாகத் தோன்றியது என்றார்கள். மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாளே, அங்கே சாங்கியனும் வைசேடிகனும் வரிசையில் நிற்கிறார்கள். இந்த வழக்கு தமிழ்ப் புலமைக்கு அந்நியமானது அல்ல.

வாதம் அதோடு நிற்கவும் இல்லை. சூளையில் வைத்த பச்சைக் குடம் எப்படிச் சிவப்பாகிறது என்பதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. வைசேடிகர்கள், நெருப்புப் பட்டதும் குடம் அணுஅணுவாகச் சிதைகிறது, ஒவ்வோர் அணுவும் தனித்தனியே வெந்து நிறம் மாறுகிறது, பிறகு அணுக்கள் சேர்ந்து புதுக் குடம் ஆகின்றன என்றார்கள். இது பீலுபாக வாதம். நையாயிகர்கள் மறுத்தார்கள். சூளைக்குள் போன அதே குடம்தான் வெளியே வருகிறது. பார்த்தவன் 'அதே குடம்' என்றுதான் அடையாளம் சொல்கிறான். நடுவில் அது பொடிப்பொடியாகிப் போயிருந்தால் அளவும் வடிவும் அப்படியே எப்படி நிற்கும்? நெருப்பு குடத்தின் நுண்துளைகள் வழியே புகுந்து முழுக் குடத்தையும் வேகவைக்கிறது என்பது அவர்கள் கட்சி. இது பிடரபாக வாதம். எதிர்த்தரப்பு சளைக்கவில்லை. சிதைவதும் சேர்வதும் அத்தனை விரைவில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று சொல்லி, அதற்கு எத்தனை கணம் ஆகும், ஒன்பதா, பத்தா, பதினொன்றா என்று கணக்கும் போட்டார்கள்.

இதைச் சொற்சிலம்பம் என்று ஒதுக்குவது தவறு. ஒரு பொருள் மாறும்போது அது அதுவாகவே இருந்து மாறுகிறதா, அழிந்து வேறொன்றாகிறதா என்பது உயிருக்கும் உடலுக்கும், பிறவிக்கும் முத்திக்கும் பொருந்துகிற கேள்வி. அதைக் கேட்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஒரு குயவர் சூளை. கைவேலை நடக்கும் இடத்தில்தான் தத்துவத்துக்குப் பிடி கிடைக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, பாலிமர் மண் சூட்டில் என்ன ஆகிறது? பெயரில் களிமண் இருந்தாலும் அதன் அடிப்படை பாலிவினைல் குளோரைடு, அதாவது குழாய்களுக்குப் பயன்படும் பிவிசி. மிக நுண்ணிய பிவிசித் துகள்கள், அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவம், நிறப்பொடி, நிரப்புப் பொருள், இவ்வளவுதான் கலவை. தண்ணீர் கிடையாது. அதனால்தான் பொட்டலம் பிரித்த பிறகும் அது சட்டென்று காய்வதில்லை. தயாரிப்பைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், துகள்கள் அந்த இளக்கியை உறிஞ்சிப் பருத்து ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. ஆவியாகிப் போவது அநேகமாக எதுவும் இல்லை, சுருக்கமும் இல்லை. குயவரின் மண்ணோ முதலில் ஈரத்தை இழக்கிறது. பிறகு 500 டிகிரிக்கு மேல் தன் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரையும் இழந்து வேறொரு பொருளாகிறது. அந்த எல்லையைத் தாண்டிய குடம் தண்ணீரில் ஊறி மீண்டும் சேறாவதில்லை. பாலிமர் மணியைக் கண்டால் சாங்கியர் மகிழ்ந்திருப்பார்: உள்ளே இருந்தவை எல்லாம் அங்கேயே இருக்கின்றன, உறவு மட்டும் மாறியிருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. மண்ணுக்குச் சொந்த மனம் உண்டு என்று குயவர்கள் சொல்வார்கள். அது விரிசல் விடும், சாயும், காய்வதற்கு நேரம் கேட்கும். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க மட்பாண்டக் கலையைப் புரட்டிப்போட்ட பீட்டர் வூல்கஸ், மண்ணின் இந்த முரண்டையே தம் கலையாக்கினார். கிழிந்த விளிம்பு, பிளந்த வயிறு, குத்திய துளை எல்லாம் அவருடைய பாண்டங்களில் அப்படியே நின்றன. அவர் மகள் பியர் வூல்கஸ் நடனக் கலைஞர். பாலிமர் நகையின் முன்னோடிகளில் ஒருவரும்கூட. தந்தையின் கையில் இருந்த மண் எதிர்த்து நின்றது. மகளின் கையில் இருந்த மண்ணுக்குச் சொந்த நிறமில்லை, சொந்தத் தடமில்லை. பவளம் ஆகு என்றால் ஆகும், யானைத் தந்தம் ஆகு என்றால் ஆகும். வடிவமே இல்லாத, எந்த வடிவத்தையும் ஏற்கத் தயாரான ஒரு வெறும் பொருளை அரிஸ்டாட்டில் வழியினர் சிந்தனையில்தான் கண்டார்கள். கையில் கிடைக்கிற பொருள்களில் அதற்கு இவ்வளவு நெருக்கமாக வருவது வேறில்லை எனலாம். பொருள் எதிர்க்காதபோது முழுப் பொறுப்பும் செய்பவர் மேல் வந்து விழுகிறது. மண் விரிசல் விட்டு 'வேண்டாம்' என்று சொல்லாது. செய்பவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பொறுப்பை எப்படிப் பகுத்துப் பார்ப்பது? இங்கேதான் சைவ சித்தாந்தம் கைகொடுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டாரும் அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியாரும் வளர்த்த அந்த மரபு, குடத்துக்குக் காரணம் மூன்று என்கிறது. மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு அதையே பொருத்தி, மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவம் நிமித்த காரணம் என்று விளக்கினார்கள். இதன் நோக்கம் இறைவன் தானே உலகமாகத் திரிந்துவிடவில்லை என்று நிறுவுவது. முதற்காரணம்தான் காரியமாக மாறுகிறது, காரியத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. துணைக்காரணம் வேலையைச் செய்துவிட்டு விலகி நிற்கிறது. குடம் முடிந்ததும் சக்கரம் அடுத்த குடத்துக்குத் தயார்.

இப்போது மேசைக்குத் திரும்பினால் எல்லாம் பிரிந்து தெரியும். கண்ணாடி பாட்டில் துணைக்காரணம். நூறு மணிக்கு மண்ணைத் தேய்த்த பிறகும் அது பாட்டிலாகவே இருக்கிறது. நாளை பழைய பொருள் வியாபாரியிடம் போட்டால் உருகி இன்னொரு பாட்டிலாகலாம். வங்கி அட்டை, பொத்தான், லேஸ், ஜீன்ஸ் துணி எல்லாம் அப்படியே. அவை மணிக்குள் போகவில்லை. அவற்றின் முந்தைய வாழ்க்கையோடு இன்னொரு வாழ்க்கை சேர்ந்திருக்கிறது, எதுவும் பறிபோகவில்லை.

ஃபாயிலின் கதை வேறு. அது மணியின் வயிற்றுக்குள் போய் முதற்காரணத்தில் பங்காகிவிட்டது. அலுமினியம் திரும்பத் திரும்ப உருக்கி வார்க்கக்கூடிய உலோகம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சக்தியில் சுமார் 5 சதவீதம் இருந்தால் பழையதை உருக்கி மீண்டும் உலோகமாக்கலாம். பிவிசிக்குள் புதைந்த ஃபாயிலுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பழைய ஃபாயிலை வீணாக்காமல் பயன்படுத்தினோம் என்று செய்பவர் மனநிறைவு கொள்ளும் அதே நொடியில், அந்த ஃபாயில் தன் எதிர்காலத்தை இழக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கேறி எந்த வியாபாரியும் எடுக்காத ஃபாயில் என்றால் பரவாயில்லை, கழுவித் துடைத்து உள்ளே வைக்கலாம். சுத்தமான ஃபாயிலை இதற்காகவே சுருளிலிருந்து கிழித்து எடுப்பதை மறுபயன்பாடு என்று அழைப்பது உண்மையாகாது.

பழைய பொருளை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது துணையாக நிற்கப்போகிறதா, முதலாகக் கரையப்போகிறதா? துணையாக நிற்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம். முதலாகக் கரைவதற்கு ஒரு முறைதான் வாய்ப்பு. அந்த ஒரு முறைக்கு அந்த மணி தகுதியானதா?

சில பொருள்கள் துணையாக நிற்கவும் சம்மதிப்பதில்லை. சுடாத பாலிமர் மண்ணை, பாலிஸ்டைரீனால் ஆன கெட்டியான தெளிவு டப்பாவில் போட்டுவைத்தால், மண்ணிலிருக்கும் இளக்கி டப்பாவை அரித்து இளக்கி இரண்டையும் ஒட்டவைத்துவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருக்கும் டப்பாக்கள் ஆகாது; 5 என்று போட்ட பாலிப்ரோப்பிலீன் டப்பா தாங்கும். துணைக்காரணம் விலகி நிற்க வேண்டும் என்ற விதியை மீறி, இங்கே அது காரியத்தோடு கலந்துவிடுகிறது.

அதேபோல, அடுக்களையிலிருந்து இந்த வேலைக்கு வந்த தட்டும் கத்தியும் உருட்டுக்கட்டையும் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது. மண்ணின் இளக்கி அவற்றில் படிந்திருக்கும். சூடு எல்லை மீறினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும் என்பதால், அடுப்பின் வெப்பத்தைத் தனி வெப்பமானி வைத்துப் பார்ப்பதும் சன்னலைத் திறந்துவைப்பதும் கட்டாயம். ஒரு பூரிக்கட்டையை இந்த வேலைக்கு எடுப்பது அதைச் சமையலிலிருந்து நிரந்தரமாக விடுவிப்பதாகும். புதுப் பயன் கிடைப்பது எப்போதும் கூடுதல் அல்ல, சில நேரம் அது பழைய பயனுக்கு விடைகொடுப்பது.

சமய நூல்களில் மாற்ற முடிவதையும் முடியாததையும் மிகக் கூர்மையாகப் பார்த்தவர் எபிரேயத் தீர்க்கதரிசி எரேமியா. அவருடைய நூலின் 18ஆம் அதிகாரத்தில் அவர் குயவன் வீட்டுக்குப் போகிறார். சக்கரத்தில் வனைந்துகொண்டிருந்த பாண்டம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணைப் பிசைந்து வேறொரு பாண்டம் வனைகிறான். ஒரு மக்கள் கூட்டம் மனம் திரும்பினால் இறைவனும் அப்படியே செய்வார் என்பது செய்தி. அடுத்த அதிகாரத்திலேயே காட்சி மாறுகிறது. இப்போது அவர் சுட்ட மண் கலயம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், இன்னோம் பள்ளத்தாக்கில், பெரியோர் முன்னிலையில் உடைத்துப் போடுகிறார். இனி இது ஒட்டாது என்பதே அங்கே செய்தி. பச்சை மண்ணுக்கு மீட்பு உண்டு, சுட்ட மண்ணுக்கு இல்லை. இரண்டு அதிகாரத்துக்கும் நடுவில் நெருப்பு நிற்கிறது.

பாலிமர் மண் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் நிலையைக் காட்டுகிறது. சுடாதவரை எல்லாத் துண்டும் மண்தான். விளிம்பில் வெட்டியது, நிறம் கலங்கியது, வடிவம் பிடிக்காதது எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து அடுத்த மணியின் உட்கருவாக்கலாம். இது 18ஆம் அதிகாரம். சுட்டபின் அதை இளக்க வழியில்லை. இது 19. ஆனால் சுட்ட மணியின் மேல் பச்சை மண்ணைச் சேர்த்து மீண்டும் சுடலாம். இரண்டு மூன்று முறை சுட்டாலும் அது தாங்கும். கெட்டுப்போன மணியைத் துருவியோ சில்லுச் சில்லாக நறுக்கியோ ஒளி ஊடுருவும் புதுமண்ணில் கலந்தால், முன்பு குறையாக இருந்தது உள்ளே புள்ளியும் கீற்றுமாகத் தெரியும். கலயம் பழைய கலயமாகத் திரும்புவதில்லை. ஆனால் கைவிடப்படுவதும் இல்லை.

சுட்ட மண்ணுக்கும் மனிதர்கள் இப்படி ஒரு வழி கண்டிருக்கிறார்கள் என்பதற்குக் கீழடி சாட்சி. அங்கே அகழ்ந்தெடுத்தவற்றில் வட்டமாகத் தேய்த்த சுடுமண் சில்லுகள் கணிசமாக உண்டு. உடைந்த பானையின் ஓட்டை எடுத்து, விளிம்பைத் தேய்த்து, விளையாட்டுச் சில்லாக்கிய கைகளின் வேலை அவை. தண்ணீர் மொண்ட பானை பாண்டியாட்டத்துக்குப் போனது. பெயர் பொறித்த ஓடுகளை வியக்கிற அளவுக்கு இந்தச் சில்லுகளை யாரும் வியப்பதில்லை. ஒரு பொருளின் பயன் எப்போது தீர்கிறது என்ற கேள்விக்கு எழுத்தில்லாமலே பதில் வைத்திருப்பவை இவைதாம்.

மணி என்றதும் நகை மட்டுமல்ல, எண்ணித் தொழும் மாலையும் நினைவுக்கு வரும். இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் 108, முஸ்லிம்களுக்கு 99 அல்லது 33, கத்தோலிக்க ஜெபமாலையில் 59. பாலிமர் மணியால் கோத்த மாலையில் ஜெபம் செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. மரபுகள் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. சைவருக்கு உருத்திராக்கமும் வைணவருக்குத் துளசியும் வெறும் எண்ணும் கருவி அல்ல. பொருளிலேயே புனிதம் இருக்கிறது. ஷியா முஸ்லிம்கள் கர்பலா மண்ணில் செய்த தஸ்பீஹ் மணியைப் போற்றுகிறார்கள். மறுபுறம், பேரீச்சங்கொட்டையையும் கூழாங்கல்லையும் வைத்து இறைநாமத்தை எண்ணிய வழக்கமும் ஆரம்ப கால இஸ்லாமிய மரபில் பதிவாகியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நிற்கிறது. கோதுமைப் பசையத்தை முழுவதும் நீக்கிய அப்பம் செல்லாது என்று 2017ல் வத்திக்கான் சுற்றறிக்கை நினைவூட்டியது. அதே திருச்சபை ஜெபமாலையின் மணி எதனால் ஆனது என்பதில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதையும் வைப்பதில்லை. அப்பம் முதற்காரணம், அதை மாற்ற முடியாது. மணி துணைக்காரணம், கை நகர இடம் கொடுத்தால் போதும். திருச்சபை இந்தச் சொற்களைப் பயன்படுத்தவில்லை, ஆனால் பாகுபாடு அதுவே.

இந்தப் பாகுபாடு உடைந்துபோகிற இடம் ஒன்று உண்டு. நாஜி வதைமுகாம்களிலும் சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களிலும் கைதிகள் ரொட்டியைப் பிசைந்து உருட்டி, துளையிட்டுக் காயவைத்து, துணியிலிருந்து பிரித்த நூலில் ஜெபமாலை கோத்தார்கள். அப்படிப்பட்ட மாலைகள் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. பசியில் வாடியவர் தம் பங்கு ரொட்டியிலிருந்து கிள்ளி எடுத்த மணி அது. அந்த ரொட்டி வெறும் எண்ணும் கருவியா? அங்கே ரொட்டி உணவாக இருப்பதை விட்டுக்கொடுத்துத்தான் மணியாகிறது. முதற்காரணமாகக் கரைகிற ஒரு பொருளுக்கு இதைவிடத் தகுதியான காரியம் இருக்க முடியாது. மறுபயன்பாடு என்ற சொல்லின் உச்ச எல்லை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றிய பேச்சு அதற்கு வெகு கீழே நிற்கிறது.

ஒரு பொருள் திரும்பிப் போவது பற்றியும் சமயங்களுக்கு அக்கறை உண்டு. காஞ்சி ஏகாம்பரநாதர் பிருதிவித் தலத்து மண் லிங்கம்; கரையக் கூடாது என்பதால் அதற்கு நீர் அபிஷேகம் கிடையாது. விநாயகர் சதுர்த்தியின் களிமண் பிள்ளையாரோ கரைவதற்காகவே வனையப்படுகிறார். எடுத்த மண் நீர்நிலைக்கே திரும்புவதுதான் வழிபாட்டின் நிறைவு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் வந்தபோது சிக்கல் எழுந்ததும் இதனால்தான். ஜிப்சத்தைச் சூடாக்கிச் செய்த அந்தப் பொடியும் பூமியிலிருந்து வந்ததே. ஆனால் அது களிமண் போலக் கரைவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதை விலக்கச் சொன்னது சுற்றுச்சூழல் முடிவு மட்டுமல்ல. திரும்பிப் போக முடியாத பொருளால் திரும்பிப் போகும் சடங்கைச் செய்ய முடியாது என்ற எளிய தர்க்கமும் அதில் இருக்கிறது. பாலிமர் மண் அதைவிடவும் திரும்பாதது. அதனால் கரைக்கிற எதற்கும், புதைக்கிற எதற்கும், ஒரு நாள் அலங்காரத்துக்கும் அது ஏற்றதல்ல. உப்புத்தாளில் தேய்க்கும்போது தண்ணீரில் தேய்க்கச் சொல்வது தூசி மூக்கில் ஏறாமல் இருக்க. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வண்டலைப் படியவிட்டு, துணியில் வடிகட்டித் தனியே எடுப்பதும் செய்பவரின் வேலைதான்.

நெடுநாள் அணியக்கூடியதை மட்டும் செய்வது, நூல் அறுந்தால் மீண்டும் கோக்கும்படி முடிச்சுப் போடுவது, சுடுவதற்கு முன்பே திருப்தி இல்லாததைப் பிசைந்துவிடுவது: இப்படித் திரும்பாத ஒரு மண்ணை எடுத்துக்கொண்டவர் அதற்குச் செய்யக்கூடியவை இவை. 2011ல் அமெரிக்காவின் ரேசீன் கலை அருங்காட்சியகம் 'டெர்ரா நோவா' என்ற பெயரில் பாலிமர் கலைக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியபோது, ஒரு காலத்தில் பொம்மைத் தலைக்கும் மின்மாற்றிக்கும் ஆகாது என்று தள்ளிய பொருள் பாதுகாத்து வைக்கும் பொருளாயிற்று. அழியாத பொருளிடம் அழியாததற்குரிய உழைப்பைக் கேட்ட கலைஞர்களால் அது நடந்தது.

கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்புகளில் குழந்தைகளுக்கும் இந்தக் கலை சொல்லித்தரப்படுகிறது. 'பழைய பொருளில் புதுமை', 'சூழலுக்கு உகந்தது' என்று அறிவிப்புகளில் போடுகிறார்கள். பாட்டிலுக்கும் பொத்தானுக்கும் ஜீன்ஸ் துணிக்கும் அந்த அறிவிப்பு உண்மை. சுருளிலிருந்து கிழித்த ஃபாயிலுக்கு உண்மை அல்ல. பிவிசி மண்ணுக்கு ஒருபோதும் அல்ல. அடுப்பின் வெப்பத்தைச் சொல்லித்தரும் அதே வகுப்பில், மேசை மேல் இருப்பவற்றில் எது துணை, எது முதல் என்று குழந்தைகளையே இரண்டு தட்டில் பிரித்து வைக்கச் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாத பாகுபாடு அல்ல அது. ஃபாயிலை எந்தத் தட்டில் வைப்பது என்று அவர்கள் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினால், வாதாட விட்டுவிட வேண்டும். மண்ணைப் பிறகு பிசையலாம்.